சில்வர்லைட்டில் ஓடும் துணி செக்கிங் ஆப்பை மாத்தணும்: வெப்கேம் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபேட் எல்லாத்துலயும் வேலை செய்யணும்

நொய்யல்_நிட் (திருப்பூர்) எழுதியது:

வணக்கமுங்க. ஒரு பின்னலாடைக் கம்பெனியின் துணி செக்கிங் பிரிவுக்கு இருக்கும் ஆப்பைப் புதிதாக எழுத வேண்டும். இப்போது ஓடுவது சில்வர்லைட் 4, ப்ரவுசருக்குள் ஓடும் மைக்ரோசாஃப்டின் பழைய பிளகின். செக்கிங் மிஷினில் ரோல் ஓடும்போது ஓட்டை, நீடில் லைன் (ஊசிக் கோளாறால் நீளவாக்கில் விழும் கோடு), ஆயில் கறை எது கண்ணில் பட்டாலும் ஆபரேட்டர் ஒரு பொத்தானை அழுத்துவார். மேலே மாட்டியிருக்கும் யூஎஸ்பி வெப்கேம் படம் எடுத்து, ரோல் நம்பர், மீட்டர், நாலு பாயிண்ட் முறையில் (குறையின் அளவைப் பொறுத்து 1 முதல் 4 வரை பாயிண்ட்) எத்தனை பாயிண்ட் என்பதோடு சேர்த்து சர்வருக்கு அனுப்பிவிடும். சில்வர்லைட்டுக்காகவே பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கட்டிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

தேவை இதுதானுங்க:

செக்கிங் மிஷின் பக்கத்தில் விண்டோஸ் 10 பிசி, சிலதில் உபுண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே மாடல் கேமரா இரண்டு. பெருந்துறை டையிங் யூனிட்டில் ஆண்ட்ராய்டு டேப்லெட். மெர்ச்சண்டைசர்கள் (ஆர்டரைக் கவனிப்பவர்கள்) கையில் ஐபேட். அவர்கள் பையருக்கு (துணி வாங்குபவருக்கு) வீடியோவில் துணியைக் காட்டவும் வேண்டும்.

சர்வர் கம்பெனிக்குள்ளேயே 192.168.1.10-ல் இருக்கிறது, வெறும் எச்டிடிபி. சோதனைப் பக்கம் சர்வர் மிஷினில் கேமராவைத் திறக்கிறது. அதே பக்கத்தை வேறு பிசியில் திறந்தால் மீடியாடிவைசஸ் அன்டிஃபைன்ட் (கேமரா வசதியே பக்கத்தில் இல்லை) என்று வருகிறது. இரண்டு கேமராவையும் சேர்த்துத் திறந்தால் இரண்டாவது நாட்ரீடபிள்எரர் (கேமராவைப் படிக்க முடியவில்லை) கொடுக்கிறது.

ரியாக்ட், ஆங்குலர், பிளேசர், ஃப்ளட்டர் வெப், எலக்ட்ரான், இதில் எதை எடுத்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடும்? டீமுக்கு சி ஷார்ப் நல்லாத் தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு.


பீளமேடு_கோடர் (கோவை) எழுதியது:

ஃப்ரேம்வொர்க் தேர்வை இப்போதைக்குத் தள்ளி வையுங்க. உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு பிழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சில்வர்லைட் காலத்தில் கேமராவைத் திறந்தது பிளகின். ஃப்ளாஷும் அப்படித்தான். 2010 ஏப்ரலில் வந்த சில்வர்லைட் 4-ல்தான் வெப்கேம் வசதியே சேர்ந்தது. அதனால் எந்த ஃப்ரேம்வொர்க் என்று கேட்பது அப்போது சரியான கேள்வி. ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது, சில்வர்லைட் 2021 அக்டோபர் 12-ல். இப்போது கேமராவைத் திறப்பது ப்ரவுசர். நீங்கள் ரியாக்ட் எடுத்தாலும் பிளேசர் எடுத்தாலும் ஃப்ளட்டர் வெப் எடுத்தாலும் அடியில் கூப்பிடுவது ஒரே கெட்யூசர்மீடியாவைத்தான், அதாவது கேமராவைத் திறக்கும் ப்ரவுசர் கட்டளையை. அந்த அழைப்பு எங்கே தடுமாறுமோ அங்கே எல்லா ஃப்ரேம்வொர்க்கும் தடுமாறும்.

முதல் பிழைக்கு வருவோம். குரோம் 47 முதல், அதாவது 2015 கடைசியிலிருந்து, பாதுகாப்பான முகவரியில் திறந்த பக்கத்துக்கு மட்டுமே கேமரா கிடைக்கும். எச்டிடிபிஎஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் லோக்கல்ஹோஸ்ட்டாக இருக்க வேண்டும். சர்வர் மிஷினில் ஓடியதற்குக் காரணம் அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்ததுதான். 192.168.1.10 என்று எச்டிடிபியில் திறந்தால் ப்ரவுசர் அனுமதி கேட்கும் பெட்டியைக்கூடக் காட்டாது. மீடியாடிவைசஸ் என்ற பொருளே அந்தப் பக்கத்தில் இருக்காது.

கம்பெனிக்குள் இருக்கும் சர்வருக்கு எச்டிடிபிஎஸ் போட நான் சொல்வது இந்த வழி. உங்கள் கம்பெனிக்கு டொமைன் ஏற்கெனவே இருக்கும். அதில் செக்கிங் என்று ஒரு சப்டொமைன் போட்டு, டிஎன்எஸ் ஏ ரெக்கார்டில் (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் பதிவு) 192.168.1.10 என்றே கொடுத்துவிடுங்க. பொது டிஎன்எஸ்-ல் உள் ஐபி கொடுப்பதில் தடை எதுவும் இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையிடம் எச்டிடிபிஎஸ் சான்றிதழை டிஎன்எஸ்-01 முறையில் வாங்குங்க. அந்த முறைக்கு சர்வர் வெளியிலிருந்து தெரிய வேண்டியதில்லை, டிஎன்எஸ்-ல் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்ட் போட்டால் போதும். சான்றிதழ் அதிகபட்சம் 90 நாளுக்குத்தான் செல்லும். ஆகவே டிஎன்எஸ் நிறுவனம் ஏபிஐ கொடுக்கிறதா என்று முதலில் பாருங்க. ஏபிஐ இருந்தால் புதுப்பிப்பதை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். கையால் புதுப்பிக்கலாம் என்று விட்டால், சான்றிதழ் காலாவதியான அன்று காலை ஷிஃப்டில் ஒரு மிஷினிலும் படம் எடுக்க முடியாது.

ஒரு சிக்கல் வரலாம். சில ரவுட்டர்கள் வெளி டிஎன்எஸ்-லிருந்து உள் ஐபி பதிலாக வந்தால் சந்தேகப்பட்டுத் தள்ளிவிடும். பெயர் ஐபியாக மாறாமல் பக்கம் திறக்கவில்லை என்றால் ரவுட்டரில் டிஎன்எஸ் ரீபைண்டிங் தடுப்பு இருக்கிறதா பார்த்து, உங்கள் டொமைனுக்கு மட்டும் விலக்கு கொடுங்க.

எம்கேசெர்ட் என்ற கருவியை வைத்துச் சொந்த சான்றிதழ் செய்து எல்லாச் சாதனத்திலும் ஏற்றுவது இன்னொரு வழி. பத்து பிசிக்குச் சரி. ஐபேடில் ப்ரொஃபைலை நிறுவினால் மட்டும் போதாது. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட், சர்ட்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ் வரை போய் முழு நம்பிக்கையை ஆன் செய்ய வேண்டும். ஒவ்வொரு புது ஐபேடுக்கும் இதே வேலை. குரோமில் பாதுகாப்பில்லாத முகவரியைப் பாதுகாப்பானதாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஃப்ளாகும் ஒன்று உண்டு. அது சோதனைக்கு மட்டும், உற்பத்தித் தளத்தில் வேண்டாம்.

செக்கிங் பிசிகளில் அனுமதிப் பெட்டி வந்து ஆபரேட்டர் தெரியாமல் பிளாக் அழுத்திவிடும் ஆபத்து இருக்கிறது. குரோமுக்கும் எட்ஜுக்கும் வீடியோகேப்சர்அலவ்ட்யூஆர்எல்ஸ் என்ற பாலிசி இருக்கிறது. உங்கள் முகவரியை அதில் சேர்த்தால் கேட்காமலேயே கேமரா திறக்கும். பழைய ஈஆர்பி பக்கத்துக்குள் ஐஃப்ரேமாக இதை வைப்பதாக இருந்தால், அந்த ஐஃப்ரேமில் அலவ் என்ற பண்பில் கேமரா என்று கொடுக்க மறக்காதீங்க. கொடுக்காவிட்டால் நாட்அலவ்ட்எரர் வரும், பயனர் மறுத்துவிட்டார் என்று தவறாக நினைக்கத் தோன்றும்.

ஃப்ரேம்வொர்க் விஷயத்தில், சி ஷார்ப் டீம் என்றால், சி ஷார்ப்பிலேயே எழுதும் பிளேசர் எடுப்பது நியாயம்தான். ஆனால் கேமராப் பகுதியை எந்த ஃப்ரேம்வொர்க்கும் கலக்காத ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக எழுதுங்க. திற, படம் எடு, மூடு, இந்த மூன்று செயல் மட்டும். பிளேசர், ஜாவாஸ்கிரிப்டைக் கூப்பிடும் ஜேஎஸ் இன்டராப் வழியாக அதைக் கூப்பிடட்டும். படத்தை பேஸ்64-ஆக சி ஷார்ப்புக்குள் கொண்டுவந்து திரும்ப அனுப்பாதீங்க, அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். கேன்வாஸிலிருந்து டூப்ளாப் எடுத்து ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே சர்வருக்கு அனுப்பி, ரெக்கார்ட் எண்ணை மட்டும் பிளேசருக்குக் கொடுத்தால் போதும்.

ரியாக்ட் பக்கம் போனால் இதைக் கவனிங்க. ரியாக்ட் 18 ஸ்ட்ரிக்ட் மோடில், டெவலப்மென்டில் எஃபெக்ட் இரண்டு தடவை ஓடும். க்ளீனப்பில் டிராக்குகளை ஸ்டாப் செய்யாவிட்டால் கேமரா இரண்டு முறை திறந்து விளக்கு அணையாமல் கிடக்கும். வீடியோ எலிமென்டின் எஸ்ஆர்சிஆப்ஜெக்டை நல் ஆக்கினால் கேமரா நிற்காது. ஸ்ட்ரீமில் இருக்கும் ஒவ்வொரு டிராக்குக்கும் ஸ்டாப் கூப்பிட வேண்டும். கேமரா திறப்பதற்குள் பயனர் வேறு பக்கம் போய்விட்டால், ப்ராமிஸ் முடிந்து வரும் ஸ்ட்ரீமுக்கு ஆள் இருக்காது. அதையும் பிடித்து நிறுத்துங்க. இது எல்லா ஃப்ரேம்வொர்க்குக்கும் பொருந்தும்.


காலிங்கராயன்_வாய்க்கால் (ஈரோடு) எழுதியது:

இரண்டாவது கேமரா பிரச்சினைக்கு நான் சொல்றேனுங்க. பெரும்பாலும் அது யூஎஸ்பி அகலம் போதாத கணக்கு.

1920க்கு 1080 அளவில் சுருக்காத ஒய்யூஒய்2 வடிவம் ஒரு பிக்சலுக்கு 2 பைட் எடுக்கும். ஒரு ஃப்ரேம் 41 லட்சத்து 47 ஆயிரத்து 200 பைட். விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 124 மெகாபைட், கிட்டத்தட்ட 1000 மெகாபிட். யூஎஸ்பி 2.0 மொத்தமே 480 மெகாபிட், அதில் ஒரு கேமராவின் ஐசோக்ரோனஸ் (நேரடி ஓட்டத்துக்கு இடம் ஒதுக்கும்) பாதைக்கு அதிகபட்சம் விநாடிக்கு 24 மெகாபைட் சொச்சம்தான். அதனால்தான் 1080 கேமராவின் பட்டியலில் ஒய்யூஒய்2 என்றால் 5 ஃப்ரேம், சுருக்கிய எம்ஜேபெக் வடிவம் என்றால் 30 ஃப்ரேம் என்று இருக்கும். உபுண்டுவில் வி4எல்2-சிடிஎல் கருவியில் லிஸ்ட்-ஃபார்மட்ஸ்-எக்ஸ்ட் கொடுத்தால் உங்கள் கேமராவுக்கு இந்தப் பட்டியல் அப்படியே வரும்.

வெப் பக்கத்திலிருந்து எம்ஜேபெக் வேண்டும் என்று கேட்க வழி கிடையாது, ப்ரவுசர்தான் முடிவு செய்யும். 640க்கு 480 கேட்டால் சுமை குறையும் என்று தோன்றும். லினக்ஸ் குரோம் அந்த அளவு வரை சுருக்காத வடிவத்தையும் எடுக்கும், அதைத் தாண்டினால்தான் எம்ஜேபெக்கை முன்னால் வைக்கும். 640க்கு 480 ஒய்யூஒய்2, 30 ஃப்ரேமில் 147 மெகாபிட். ஆக 1280க்கு 720 கேட்பது பல நேரம் பஸ்ஸுக்கு லேசாக இருக்கும்.

இன்னொன்று, கேமரா உண்மையில் அனுப்பும் அளவை வைத்து இடம் ஒதுக்கப்படுவதில்லை. தனக்கு இவ்வளவு வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லும், அத்தனையும் ஒதுக்கப்படும். விலை குறைந்த கேமராக்கள் எம்ஜேபெக்கிலும் அதிகபட்சத்தையே கேட்டுவிடும். இரண்டையும் ஒரே ஹப்பில் செருகினால் இரண்டாவதுக்கு இடம் இல்லை. லினக்ஸில் இந்தப் பிழை சாதனத்தில் இடம் இல்லை என்ற பொருளில் வரும். டிஸ்க் நிறைந்துவிட்டதென்று கோப்புகளை அழிக்க வேண்டாமுங்க, அது யூஎஸ்பி பஸ்ஸைச் சொல்கிறது.

செய்ய வேண்டியது: ஹப்பை எடுத்துவிடுங்க. ஒரு கேமராவை பிசியின் பின்பக்க போர்ட்டிலும் இன்னொன்றை முன்பக்க போர்ட்டிலும் நேரடியாகச் செருகிப் பாருங்க. அப்படியும் வரவில்லை என்றால் இரண்டு போர்ட்டும் உள்ளே ஒரே கன்ட்ரோலரில் தொங்குகின்றன என்று அர்த்தம். ஒரு பிசிஐஇ யூஎஸ்பி கார்டு போட்டு ஒரு கேமராவை அதற்கு மாற்றினால் தீர்ந்துவிடும். செக்கிங்குக்கு 30 ஃப்ரேம் தேவையே இல்லை. ஃப்ரேம்ரேட் ஐடியல் 10 (முடிந்தவரை 10) என்று கொடுங்க.

கேபிள் நீளமும் முக்கியம். யூஎஸ்பி 2.0 சாதாரண கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மிஷின் தலைக்கு மேலிருந்து மேசை வரை வளைத்து இழுத்தால் 5 மீட்டர் சுலபமாகத் தாண்டிவிடும். நடுவில் சாதாரண எக்ஸ்டென்ஷன் செருகினால் படம் வரும், பிறகு நின்றுவிடும், காரணம் பிடிபடாது. ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் வாங்குங்க.

நாட்ரீடபிள்எரருக்கு விண்டோஸில் வேறு காரணமும் உண்டு. ஒரு செயலி கேமராவைப் பிடித்திருக்கும்போது இன்னொன்றுக்குக் கிடைக்காது. குரோமில் இரண்டு டேப் பகிர்ந்துகொள்ளும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பகிர்ந்துகொள்ளாது. விண்டோஸின் பிரைவசி பகுதியில் கேமராவுக்குக் கீழே டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆஃப் ஆகியிருந்தால் ப்ரவுசரில் எவ்வளவு அனுமதி கொடுத்தும் பயன் இல்லை.

உபுண்டுவில் ஒரு கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு கோப்பு தெரியும். கெர்னல் 4.16 முதல் இப்படித்தான். இரண்டாவது மெட்டாடேட்டாவுக்கு, அதில் படம் வராது.

கரண்ட் போய் யூபிஎஸ்-க்கு மாறும் நேரத்தில் கேமரா விட்டுப்போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. அப்போது டிராக்கில் எண்டட் நிகழ்வு வரும், வீடியோ கடைசி ஃப்ரேமிலேயே உறைந்து நிற்கும். ஆபரேட்டருக்கு ஓடுவது போலவே தெரியும், எல்லா ரோலுக்கும் ஒரே படம் போய்ச் சேரும். எண்டட் நிகழ்வைக் கேட்டு திரை முழுக்கச் சிவப்பாக்குங்க. டிவைஸ்சேஞ்ச் வந்ததும் திரும்பத் திறங்க. இதை எழுதாமல் ஆப்பைக் கொடுக்கவே கூடாது.


ஆழியார்_ஆப்ஸ் (பொள்ளாச்சி) எழுதியது:

டேப்லெட்டுக்கும் ஐபேடுக்கும் மட்டும் எழுதுகிறேன்.

டையிங் யூனிட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றால் கெட்யூசர்மீடியாவே வேண்டாமுங்க. இன்புட் டைப் ஃபைல் போட்டு, அக்செப்ட் படம் என்றும் கேப்சர் என்விரான்மென்ட் என்றும் கொடுங்க. டேப்லெட்டின் சொந்தக் கேமரா ஆப் திறக்கும், ஃபோகஸ் சரியாக விழும், முழு ரெசல்யூஷன் கிடைக்கும், எச்டிடிபியிலும் வேலை செய்யும். டெஸ்க்டாப்பில் அதே பொத்தான் கோப்பு தேர்வாக மாறிவிடும். நேரடி வீடியோ திரையில் தெரிந்தே ஆக வேண்டிய இடத்துக்கு மட்டும் கெட்யூசர்மீடியா.

நேரடி வீடியோ என்றால் பின்பக்கக் கேமராவுக்கு ஃபேசிங்மோடு என்விரான்மென்ட் என்பதை ஐடியலாகக் கொடுங்க. எக்ஸாக்ட் (கட்டாயம் இதுவே) கொடுத்தால் பின்பக்கக் கேமரா இல்லாத பிசியில் ஓவர்கன்ஸ்ட்ரெய்ன்ட்எரர் வரும், ஒரே கோடு இரண்டு இடத்தில் ஓடாது. அகலம், உயரமும் அப்படியே. கேட்டது கிடைத்ததா என்பதை டிராக்கின் கெட்செட்டிங்ஸில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்க.

ஐபேடில் வீடியோ எலிமென்டுக்கு ப்ளேஸ்இன்லைன், மியூட்டட் இரண்டும் கொடுத்துவிடுங்க. ஐஓஎஸ் 11-ல், 2017-ல், சஃபாரிக்கு கெட்யூசர்மீடியா வந்தது. மற்ற ஆப்களுக்குள் இருக்கும் டபிள்யூகேவெப்வியூவுக்கு ஐஓஎஸ் 14.3-ல்தான் வந்தது. ஐபேடில் குரோம் போட்டாலும் அடியில் ஓடுவது வெப்கிட்தான். பழைய ஐபேட் 14.3-க்குக் கீழே நின்றுபோயிருந்தால் சஃபாரியில் மட்டும் திறக்கச் சொல்லுங்க.

ஐஓஎஸ்-ல் ஒரு நேரத்தில் ஒரு கேமராதான். இரண்டாவது முறை கெட்யூசர்மீடியா கூப்பிட்டால் முதல் ஸ்ட்ரீம் மியூட் ஆகிக் கறுப்பாகிவிடும். முன் கேமராவிலிருந்து பின் கேமராவுக்கு மாறும்போது பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைத் திறங்க. ஆப்பை விட்டு வெளியே போய்த் திரும்பினாலும் டிராக் மியூட் ஆகியிருக்கும். விசிபிலிட்டிசேஞ்ச் வந்ததும் சரிபார்த்து, தேவைப்பட்டால் மறுபடி திறங்க.

ஆப்பாகவே கட்ட வேண்டும் என்று மேலிடம் கேட்டால் வெப் பக்கத்தை ஆப்பாக்கும் கேபாசிட்டரில் அதே வெப் கோடைப் போடலாம். ஐஓஎஸ்-ல் இன்ஃபோ ப்ளிஸ்டில் கேமரா எதற்கு என்ற விளக்க வரி இல்லாவிட்டால், கேமராவைத் தொட்ட நொடியே ஆப் விழுந்துவிடும். ஆண்ட்ராய்டில் சொந்தமாக வெப்வியூ வைத்தால் மேனிஃபெஸ்டில் கேமரா அனுமதி, ஓடும்போது பயனரிடம் கேட்பது, வெப்குரோம்கிளையன்டில் ஆன்பெர்மிஷன்ரிக்வெஸ்ட்டை எழுதி கிராண்ட் கொடுப்பது என்று மூன்றும் வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் கேட்காமலேயே மறுப்பு வரும்.

எலக்ட்ரான் செக்கிங் பிசிக்குத் தாராளமாக ஓடும், ஆனால் டேப்லெட்டுக்குப் போகாது. உங்களுக்கு மூன்று வகைச் சாதனம் இருப்பதால் ப்ரவுசர்தான் சரி என்பது என் எண்ணம்.


நொய்யல்_நிட் எழுதியது:

ரொம்ப நன்றிங்க. ஹப்பை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் செருகியதும் இரண்டு கேமராவும் வருகிறது. இன்னும் கொஞ்சம் கேட்கணும்.

இரண்டும் ஒரே மாடல் என்பதால் எது இடது, எது வலது என்று எப்படி நிலையாக வைப்பது? ஓடும் துணியில் படம் எடுத்தால் மங்கலாக வருகிறது, சில நேரம் குறுக்கே பட்டை பட்டையாகவும் விழுகிறது. சாயத்தின் ஷேடை இந்தப் படத்தை வைத்து ஒப்பிடலாமா என்று மெர்ச்சண்டைசர்கள் கேட்கிறார்கள். பையருக்கு வீடியோ காட்டுவதைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.


காலிங்கராயன்_வாய்க்கால் எழுதியது:

படத் தரத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாமுங்க.

60 அங்குலத் துணி அகலம் முழுவதையும் ஒரே 1080 கேமராவில் பிடித்தால் அங்குலத்துக்கு 32 பிக்சல். ஒரு பிக்சல் 0.8 மில்லிமீட்டர். நீடில் லைன் அதில் தெரியவே தெரியாது. 12 அங்குலம் மட்டும் தெரியும்படி கேமராவை இறக்கினால் அங்குலத்துக்கு 160 பிக்சல், ஒரு பிக்சல் 0.16 மில்லிமீட்டர். சின்ன ஓட்டை, நூல் விட்ட இடம் எல்லாம் துலக்கமாக விழும். அதனால் ஒரு கேமரா அகலம் முழுக்கக் காட்டட்டும், எந்த இடத்தில் குறை என்று தெரிய. இன்னொன்று நெருக்கமாக இருக்கட்டும், குறை என்ன என்று தெரிய. இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதால் பயன் குறைவு.

மங்கலுக்குக் காரணம் வேகம். மிஷின் நிமிடத்துக்கு 15 மீட்டர் ஓடினால் விநாடிக்கு 250 மில்லிமீட்டர். கேமரா தானாக 1/60 விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் அதற்குள் துணி 4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 வைத்தால் கால் மில்லிமீட்டர், அது போதும். ஆனால் அதற்கு வெளிச்சம் பல மடங்கு வேண்டும்.

பட்டை விழுவது விளக்கால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். எக்ஸ்போஷர் 1/100 விநாடியாகவோ 1/50 ஆகவோ இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துப் பட்டை போய்விடும். பல கேமராக்கள் 60 ஹெர்ட்ஸ் அமைப்போடு வருகின்றன. உபுண்டுவில் வி4எல்2-சிடிஎல்-லில் பவர் லைன் ஃப்ரீக்வென்சியை 1 என்று வைத்தால் 50 ஹெர்ட்ஸ், 2 என்றால் 60. விண்டோஸில் கேமராவின் டிரைவர் அமைப்புப் பக்கத்தில் இதே தேர்வு இருக்கும்.

ஆக இரண்டும் எதிரெதிராக இழுக்கும். மங்கல் போக 1/1000 வேண்டும், பட்டை போக 1/100 வேண்டும். மிஷினை நிறுத்திப் படம் எடுப்பதாக இருந்தால் 1/100 வைத்து, இருக்கும் ட்யூப்லைட்டிலேயே வேலையை முடித்துவிடலாம். ஓடும்போதே எடுக்க வேண்டும் என்றால் மினுக்கம் இல்லாத டிசி டிரைவர் எல்இடி பட்டை கேமராவுக்கு அருகில் கட்டாயம். முதல் வழி செலவில்லாதது, அதையே எடுங்க. குறை கண்ட இடத்தில் ஆபரேட்டர் எப்படியும் நிறுத்திப் பார்க்கத்தான் போகிறார்.

குரோமில் டிராக்கின் கெட்கேபபிலிட்டீஸ் பார்த்து எக்ஸ்போஷர்மோடு இருந்தால், அப்ளைகன்ஸ்ட்ரெய்ன்ட்ஸில் மேனுவல் கொடுத்து எக்ஸ்போஷர்டைம் அமைக்கலாம். அதன் அலகு 100 மைக்ரோ விநாடி. 1/100 விநாடிக்கு 100 என்றும் 1/1000-க்கு 10 என்றும் கொடுக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்க. பின்னலாடைக் கூடத்தில் பஞ்சு படிந்துகொண்டே இருக்கும், படம் மெல்ல மெல்ல வெளுத்துப்போவதைத் தினமும் பார்ப்பவர் கவனிக்க மாட்டார்.

ஷேட் விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேனுங்க, வெப்கேம் படத்தில் ஷேட் முடிவு எடுக்கவே கூடாது. ஆட்டோ வொயிட் பேலன்ஸ் துணியின் நிறத்தையே பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். சிவப்பு ரோல் வந்தால் ஒரு மாதிரி, நீலம் வந்தால் ஒரு மாதிரி. மேனுவலில் வைத்தாலும் ட்யூப்லைட்டின் நிறமாலை, கேமராவின் சென்சார், பார்ப்பவரின் திரை மூன்றும் குறுக்கே நிற்கும். ஷேடுக்கு லைட் பாக்ஸில் டி65, டிஎல்84 என்ற தரப்படுத்திய விளக்குகளும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும்தான். ஆப்பிலேயே படத்துக்குக் கீழே இது ஷேட் ஒப்புதலுக்கு அல்ல என்று அச்சிட்டுவிடுங்க. ஒரு லாட் தவறாக ஒப்புதல் ஆனால் மொத்தத் துணியும் போச்சு.


பீளமேடு_கோடர் எழுதியது:

இடது வலது பற்றி. டிவைஸ்ஐடி ஒவ்வொரு முகவரிக்கும் தனி, அந்தத் தளத்தின் தரவை அழித்தால் மாறிவிடும். சீரியல் எண் இல்லாத கேமராவை வேறு போர்ட்டில் செருகினாலும் விண்டோஸில் மாறும். அனுமதி கிடைப்பதற்கு முன் எனுமரேட்டிவைசஸ் கூப்பிட்டால் பெயர்கள் காலியாக இருக்கும். அதனால் முதலில் ஏதாவது ஒரு கேமராவைத் திறந்து மூடிவிட்டு, பிறகு பட்டியலை எடுங்க.

ஒவ்வொரு பிசிக்கும் ஒரு அமைப்புப் பக்கம் வையுங்க. இரண்டு கேமராவின் படமும் தெரியட்டும், சூப்பர்வைசர் இது அகலம், இது நெருக்கம் என்று தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஐடிகளைச் சேமித்து, அடுத்த முறை டிவைஸ்ஐடி எக்ஸாக்ட் என்று கேளுங்க. இங்கே மட்டும் எக்ஸாக்ட்தான் சரி. ஐடி மாறிப்போனால் ஓவர்கன்ஸ்ட்ரெய்ன்ட்எரர் வரும், அப்போது அமைப்புப் பக்கத்துக்கே அனுப்புங்க. கிடைத்த கேமராவைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டால் அகலப் படமும் நெருக்கப் படமும் இடம் மாறி, பாயிண்ட் கணக்கே குழம்பிவிடும். போர்ட்டுக்கும் பிளக்குக்கும் ஒரே நிற டேப் ஒட்டிவையுங்க.

படம் எடுக்கும் பொத்தானை, லோடட்மெட்டாடேட்டா வந்து வீடியோவின் அகலம் பூஜ்யம் இல்லை என்று உறுதியான பிறகே இயக்கத்துக்குக் கொண்டுவாங்க. திறந்த முதல் அரை விநாடி எக்ஸ்போஷர் நிலைப்படாமல் இருட்டாக இருக்கும், அதையும் விட்டுவிடுங்க.


ஆழியார்_ஆப்ஸ் எழுதியது:

பையர் வீடியோவுக்கு வெப்ஆர்டிசி, அதாவது ப்ரவுசருக்கு ப்ரவுசர் நேரடி வீடியோ. சர்வர் உள்ளேயே இருப்பதால் பையர் அதைத் தொட முடியாது. இரு பக்கத்தையும் இணைத்துவைக்கும் சிக்னலிங் சர்வரும், நேரடி வழி இல்லாதபோது வீடியோவைக் கடத்தும் டர்ன் சர்வரும் வெளியே ஒரு கிளவுட் மிஷினில் வேண்டும். டர்னுக்கு கோடர்ன் போதும், வழக்கமான போர்ட் 3478. பையரின் அலுவலக ஃபயர்வால் யூடிபியை அடைத்திருந்தால் அதில் போகாது, டிஎல்எஸ் வழியாக 443-லும் கேட்கும்படி அமைத்துவிடுங்க. டர்ன் இல்லாமல் சோதித்தால் கம்பெனி வைஃபைக்குள் எல்லாம் ஓடும், பையர் திறந்ததும் பல நேரம் கறுப்புத் திரைதான்.

கோடெக் கவலை வேண்டாம். விபி8, எச்.264 இரண்டையும் ப்ரவுசர்கள் ஏற்க வேண்டும் என்பது வெப்ஆர்டிசியின் விதி. ஐபேடுக்கு எச்.264-ஐ முன்னால் வைத்தால் சூடும் பேட்டரிச் செலவும் குறையும்.

நெட் மெதுவானால் ப்ரவுசர் படத்தின் அளவைக் குறைத்து ஓட்டத்தைக் காப்பாற்றப் பார்க்கும். முகம் பார்த்துப் பேச அது சரி, துணிக்கு நேர் எதிர் வேண்டும். டிராக்கின் கன்டென்ட்ஹிண்டில் டீடெய்ல் என்று கொடுங்க. ஓட்டம் விட்டு விட்டு வந்தாலும் பின்னல் தெளிவாகத் தெரியும்.

அதற்கும் மேலே, வீடியோவின் நடுவில் படம் அனுப்பு என்று ஒரு பொத்தான் வையுங்க. ஐபேட் கேமராவின் முழு அளவு ஃப்ரேமை கேன்வாஸில் எடுத்து ஜேபெக் ஆக்கி, டேட்டா சேனலில் 16 கிலோபைட் துண்டுகளாக அனுப்பினால் வீடியோச் சுருக்கத்தில் சிதையாத படம் பையர் திரையில் வந்து நிற்கும். பையர் பெரிதாக்கிப் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் படத்தைத்தான்.

பதிவு செய்ய வேண்டும் என்றால் மீடியாரெக்கார்டர். சஃபாரி எம்பி4 கொடுக்கும், குரோம் பொதுவாக வெப்எம். இஸ்டைப்சப்போர்ட்டட் கேட்டுவிட்டுத் தொடங்குங்க. குரோமின் வெப்எம் கோப்பில் மொத்த நேரம் எழுதப்பட்டிருக்காது, ப்ளேயரில் நடுவில் நகர்த்த முடியாது. சர்வருக்கு வந்ததும் எஃப்எஃப்எம்பெக்கில் கோடெக் காப்பி கொடுத்து ஒருமுறை எழுதிவிட்டால் நேரமும் தேடும் வசதியும் வந்துவிடும், மறுபடி என்கோட் செய்ய வேண்டியதில்லை.